நீரிழிவு நோயாளிகளின் தன்திறன் நம்பிக்கையை அளக்கும்போது எல்லோரும் 9, 10 என்றே சொல்கிறார்கள், எப்படிக் கேட்பது?

கேள்வி: முதுநிலை செவிலியர் மாணவி, திருச்சி

அனைவருக்கும் வணக்கம். நான் முதுநிலை செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. சமுதாய நலச் செவிலியம் என் சிறப்புப் பாடம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு ஆறு வாரக் கற்பித்தல் வகுப்பு ஒன்றை நடத்தி, தங்கள் நோயைத் தாங்களே கவனித்துக்கொள்ள முடியும் என்று அவர்கள் எவ்வளவு உறுதியாக நம்புகிறார்கள் என்பதை வகுப்புக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதே என் ஆய்வின் நோக்கம். ஆய்வுத் திட்டத்தில் இதைத் தன்திறன் நம்பிக்கை என்று குறிப்பிட்டிருக்கிறேன்.

முன்னோட்டமாக, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய எட்டுக் கேள்வி அளவுகோலைத் தமிழில் எழுதிக்கொண்டு சிலரிடம் வாசித்துக் கேட்டேன். 1 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் 9 அல்லது 10 என்றே சொன்னார்கள். அவர்களுடைய நோட்டைப் புரட்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை பல மாதங்களாக 200-க்குக் கீழே இறங்கியதாகத் தெரியவில்லை. ஒரு பாட்டி, "டாக்டரம்மா சொன்னா செய்ய வேண்டியதுதானே தாயி, பத்தே போட்டுக்கோ" என்றார். அதே பாட்டி எழுந்து போகும்போது, மருமகள் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் காலையில் பழைய சோறுதான் என்றும், நடக்கலாம் என்றால் முழங்கால் விடுவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு செய்திகளுக்கும் என் தாளில் இடமே இல்லை.

ஆரம்பத்திலேயே 10 என்றால், வகுப்புக்குப் பிறகு உயர்வதற்கு என்ன இருக்கிறது? நீரிழிவை விட்டுவிட்டு எல்லோருக்கும் பொதுவான தன்திறன் அளவுகோலைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பேராசிரியர் யோசனை சொல்கிறார். உடன் படிப்பவர்களோ, கடந்த சில மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை அளவோடு ஒத்துப்போகாத மதிப்பெண்ணை யாரும் ஏற்க மாட்டார்கள் என்கிறார்கள். எந்த அளவுகோலைத் தேர்ந்தெடுப்பது, அதைத் தமிழில் எப்படிக் கேட்பது, கேள்விகளை நானே எழுதலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: சமுதாய மருத்துவத் துறை ஆசிரியர், சென்னை

அன்புள்ள மாணவிக்கு, உங்கள் நோயாளிகள் பொய் சொல்லவில்லை. தடை எதுவும் இல்லாத ஒரு நாளை மனத்தில் வைத்து நீங்கள் கேட்டீர்கள். அப்படிப்பட்ட நாளில் தங்களால் முடியும் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். பாட்டி எழுந்து போகும்போது சொன்ன அந்த இரண்டு செய்திகளும்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது, பாம்பைக் கண்டு நடுங்குபவர்களிடம் "உங்களுக்குத் தைரியம் உண்டா" என்று மொத்தமாகக் கேட்கவில்லை. பாம்பு இருக்கும் கூண்டை நெருங்குவது, அதைத் தொடுவது, கையில் எடுப்பது, மடியில் ஊர்ந்து போக விடுவது என்று படிப்படியாகக் கடினமாகும் செயல்களை வரிசையாக வைத்து, இதில் எதுவரை உங்களால் முடியும், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். தன்திறன் நம்பிக்கையை அளக்கும் நல்ல கருவிகள் பலவும் இந்தப் படிவரிசையிலிருந்து பிறந்தவை. அளவுகோல் தயாரிப்பவர்களுக்காக 2006-இல் அவரே ஒரு வழிகாட்டுக் கட்டுரை எழுதினார். கடக்க வேண்டிய தடை எதுவும் கேள்வியில் இல்லையென்றால் எல்லோரும் ஒரே மாதிரி உயர்ந்த மதிப்பெண் பெறுவார்கள் என்பதை அதில் தெளிவாகவே குறிப்பிடுகிறார். அந்தக் கட்டுரையை முதலில் படித்துவிடுங்கள்.

அதே காரணத்தால் பொதுவான அளவுகோல் உங்களுக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்வார்ட்சரும் ஜெருசலேமும் தந்த பத்துக் கேள்வி அளவுகோல் நல்ல கருவிதான். ஆனால் எதிர்பாராத சிக்கல் வந்தால் சமாளிப்பீர்களா என்பது போன்ற கேள்விகளால் ஆனது அது. கடன், வெள்ளாமை, பிள்ளைகளின் கல்யாணம் என அத்தனையையும் தனியாளாகச் சமாளித்த ஒருவர் அதில் 40-க்கு 38 வாங்கிவிட்டு, இன்சுலின் ஊசியைத் தொடவே அஞ்சுபவராக இருக்கலாம். வாழ்க்கையின் ஒரு துறையில் உள்ள நம்பிக்கை மற்றொரு துறைக்குத் தானாகப் பெயர்ந்துவிடுவதில்லை.

நீரிழிவுக்கென்றே உள்ள கருவிகளில் பரவலாகப் பயன்படுபவை சிலவே, அவையும் ஒன்றையொன்று ஒத்தவை அல்ல. ஸ்டான்ஃபோர்டின் எட்டுக் கேள்விகள் சுருக்கமானவை, இலவசமாகக் கிடைப்பவை. கேட் லோரிக் குழுவினர் அவற்றை முதலில் ஸ்பானிய மொழி பேசும் நோயாளிகளுக்காக உருவாக்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆண்டர்சனும் ஃபன்னலும் பிறரும் 2000-இல் வெளியிட்ட டயாபடீஸ் எம்பவர்மென்ட் ஸ்கேல் 28 கேள்விகள் கொண்டது. அதன் எட்டுக் கேள்விச் சுருக்க வடிவம் 2003-இல் வந்தது. மனச்சுமையைக் கையாள்வது, மாற்றத்துக்கான ஆயத்தம், இலக்கு வகுப்பது ஆகியவற்றில் உள்ள நம்பிக்கையை அது அளக்கிறது. ஊசி, உணவு, கால் பராமரிப்பு என்ற செயல்கள் அதில் நேரடியாக இல்லை. வால்ஸ்டன் குழுவினர் 2007-இல் தந்த மற்றொரு எட்டுக் கேள்விக் கருவி, "என் நீரிழிவை நான் நன்றாகக் கையாள்கிறேன்" என்ற வகையிலான வாக்கியங்களுக்கு உடன்பாடு கேட்கிறது. அதில் சில வாக்கியங்கள் எதிர்மறையாக இருப்பதால், வாசித்துக் கேட்கும்போது முதியவர்கள் தடுமாறக்கூடும்.

உங்கள் நோக்கத்துக்கு மிக நெருங்கியதாக நான் கருதுவது, நெதர்லாந்தின் வான் டெர் பெய்ல் குழுவினர் 1999-இல் இரண்டாம் வகை நீரிழிவுக்கென்று உருவாக்கிய, டி.எம்.எஸ்.ஈ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் 20 கேள்வி அளவுகோல். ஆஸ்திரேலியா, சீனா, பிரிட்டன் என்று பல நாட்டினர் அதைத் தங்கள் மக்களுக்கேற்பச் சோதித்திருக்கிறார்கள். பிரிட்டனில் 15 கேள்விகளாகக் குறைத்தார்கள். வீட்டை விட்டு வெளியே இருக்கும்போது, விருந்தில், மனம் உளையும்போது, உடம்புக்கு முடியாதபோது உணவு முறையைக் காக்க முடியுமா என்று அது தனித்தனியாகக் கேட்கிறது. தடைகள் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. கடந்த ஏழு நாள்களில் எத்தனை நாள் மருந்து சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் பாதங்களைப் பரிசோதித்தீர்கள் என்று கேட்கும் எஸ்.டி.எஸ்.சி.ஏ. என்ற வினாநிரல் நடத்தையை அளக்கிறது. பெய்ட் என்று அழைக்கப்படும் 20 கேள்வி வினாநிரல், நோயால் வரும் மன அழுத்தத்தை அளக்கிறது. ஆய்வேடுகளில் இவற்றைத் தன்திறன் அளவுகோல் என்று பெயரிட்டுப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். செய்வதும், செய்ய முடியும் என்று நம்புவதும், செய்வதால் ஏற்படும் களைப்பும் வெவ்வேறு. கூடவே அளந்தால் ஆய்வு வலுப்படும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கலாகாது.

பதில் 2: நீரிழிவுக் கல்விச் செவிலியர், கோயம்புத்தூர்

தங்கைக்கு வணக்கம். மேலே ஐயா சொன்னதை ஏற்று, கேட்கும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நல்ல அளவுகோலும் தவறாகக் கேட்டால் கெட்டுப்போகும்.

எண்ணில் பதில் சொல்வதற்கு முதலில் பழக்க வேண்டும். பண்டூராவின் வழிகாட்டியிலேயே பயிற்சிக் கேள்வி ஒன்று உண்டு: வெவ்வேறு எடைகளைத் தூக்க முடியுமா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் எண் வாங்குவது. நான் அதை அரிசிப் பையாக மாற்றிக்கொண்டேன். "5 கிலோ அரிசிப் பையை இப்போது தூக்கச் சொன்னால் உங்களால் முடியும் என்பதற்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்? 10 கிலோ? 25 கிலோ சிப்பம்? 75 கிலோ மூட்டை?" முதல் கேள்விக்கு 10 என்பவர், சிப்பத்துக்கு வரும்போது சற்று யோசித்து 4 என்பார், மூட்டைக்குச் சிரித்துக்கொண்டே சைபர் என்பார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் வினாத்தாளைத் திறக்க வேண்டும். குறைந்த எண் சொல்வது அவமானம் அல்ல, அது வெறும் தகவல் என்பது அப்போது அவருக்குப் புரிந்திருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஒன்றுக்கு மேல் ஒன்று பெரிதாகும் பத்து வட்டங்கள் வரைந்த அட்டையைக் கையில் கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது, யார் கேட்கிறார்கள் என்பது. மருந்து கொடுக்கும் அதே சிஸ்டர் வெள்ளைச் சீருடையில் உட்கார்ந்து "உங்களால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட முடியுமா" என்று கேட்டால் எந்த நோயாளியும் முடியாது என்று சொல்ல மாட்டார். சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவரை, முடிந்தால் மருந்து வாங்கும் வரிசையிலிருந்து தள்ளி, வேறு அறையில் கேட்க வையுங்கள். தாளில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். தலைப்பில் "தன்திறன் நம்பிக்கை" என்று போடாமல் பொதுவான ஒரு பெயரைப் போடுங்கள்; எதை அளக்கிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் பதிலும் அந்தப் பக்கம் சாயும்.

கூட வந்த மகனோ கணவரோ பதில் சொல்லிவிடுவதையும் பார்க்கலாம். அவர்களைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். "அம்மாவிடம் மட்டும் கேட்டுவிட்டு உங்களிடம் தனியாகப் பேசுகிறேன்" என்றால் வெளியே காத்திருப்பார்கள்.

கேள்விகளுக்கு வருகிறேன். ஸ்டான்ஃபோர்டு அளவுகோலின் இரண்டாவது கேள்வி, நீரிழிவு இல்லாதவர்களோடு சேர்ந்து சமைக்கவோ உண்ணவோ வேண்டியிருக்கும்போது உங்கள் உணவு முறையைப் பின்பற்ற முடியுமா என்பது. நம் வீடுகளில் சமைப்பவர் ஒருவர், உண்பவர் இன்னொருவர். அடுப்பங்கரைப் பக்கமே போகாத ஆண் ஒருவர் இந்தக் கேள்விக்கு 10 என்றால், தன் மனைவியின் மீதுள்ள நம்பிக்கையைத்தான் அவர் மதிப்பிடுகிறார். ஆறு பேருக்குச் சோறு வடித்துவிட்டு, தனக்கென்று வேறு சமைக்க நேரமில்லாமல் அதையே சாப்பிடும் பெண் 3 என்றால் அது அவருடைய நாள்முழுதையும் சொல்லும் எண். இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரித்தே கேட்க வேண்டும் என்பேன். பிரித்தால் மூல அளவுகோலின் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது என்பதையும் ஆய்வேட்டில் எழுதிவிட வேண்டும்.

நான்கு ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு என்ற கேள்வியும் அப்படித்தான். புரட்டாசிச் சனிக்கிழமை, சஷ்டி, ரமலான் நோன்பு என்று ஆண்டில் பல நாள்கள் இதற்கு வெளியே இருக்கின்றன. விரத நாளில் மருந்தை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க முடியுமா என்பது தனிக் கேள்வியாக இருக்கத் தகுதியுள்ளது. அதேபோல், கல்யாணப் பந்தியில் இலையில் விழுந்த ஜாங்கிரியை மறுப்பது ஒரு கேள்வி, சொந்த அக்காள் வீட்டில் "ஒரு வாய்க்கு என்ன ஆகிவிடும்" என்று ஊட்ட வரும்போது மறுப்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொல்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

மருந்தைப் பற்றிய கேள்வியில் தடை எங்கே இருக்கிறது என்பதும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு பல வீடுகளுக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. அங்கே "மருந்து வாங்க முடியுமா" என்று கேட்பதில் பொருளில்லை. சர்க்கரை சரியாக இருப்பதாகத் தோன்றும் நாள்களிலும் மாத்திரையைத் தொடர முடியுமா, வெளியூர் போகும்போது கூட எடுத்துச் செல்ல முடியுமா என்று கேட்டால் எண்கள் பரவும். உங்கள் பகுதியில் என்ன தடை என்பதை நோயாளிகளே சொல்வார்கள். வினாத்தாளைக் கையில் எடுக்காமல் சிலரோடு உட்கார்ந்து, "எது கஷ்டமாக இருக்கிறது" என்று மட்டும் கேட்டு எழுதி வாருங்கள்.

பதில் 3: இன்சுலின் எடுத்துக்கொள்பவர், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், திண்டுக்கல்

அன்பு மகளுக்கு, நான் ஆய்வாளன் அல்ல; இப்படிப்பட்ட தாள்களை நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டில் இருக்கும் நாளில் ஊசி, உணவு, நடை எல்லாவற்றுக்கும் நான் 9 கொடுப்பேன். பணியில் இருந்த காலத்தில், இரவுச் சேவையில், சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும் ஊர் அன்றைய போக்குவரத்தைப் பொறுத்தது. ஊசியைப் போட்டுவிட்டு நெரிசலில் வண்டி நின்றுவிட்டால் சர்க்கரை இறங்கத் தொடங்கும். அப்போது கேட்டிருந்தால் 3 என்றுதான் சொல்லியிருப்பேன். மனிதன் ஒருவன்தான், எண் இரண்டு. எந்த நாளை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்று கேள்வி சொல்லாவிட்டால், நாங்கள் நல்ல நாளையே நினைத்துக்கொள்வோம்.

இரண்டாவது செய்தி இன்னும் முக்கியமானது என்று கருதுகிறேன். "சர்க்கரை ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு உடம்பே சொல்லிவிடும், மெஷின் எதற்கு" என்று உறுதியாக நம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. சர்க்கரை மாற்றத்தைக் கண்டுகொள்ள முடியுமா என்று கேட்டால் அவர்கள் மனமார 10 கொடுப்பார்கள். ஆனால் நோய் பல ஆண்டுகள் நீடித்தவர்களுக்கு வியர்வை, படபடப்பு போன்ற முன்னறிவிப்புகள் மங்கிப்போகலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸோ சர்க்கரையோ சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது பாடம். இது தெரியாமலேயே "சமாளித்துவிடுவேன்" என்று 10 சொல்பவரும், தெரிந்து பழகி 10 சொல்பவரும் உங்கள் கணக்கில் ஒன்றாகிவிடக் கூடாது. எண்ணை வாங்கிய பிறகு, "அப்போது என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்.

சர்க்கரை பார்க்கும் சோதனைப் பட்டை வாங்கக் காசில்லாதவரின் குறைந்த எண்ணை அவருடைய மனத்தின் குறையாக எழுதிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 4: உயிரிப் புள்ளியியல் துறையில் பணிபுரிபவர், புதுச்சேரி

வணக்கம். நடத்துநர் ஐயா சொன்ன இரண்டாவது செய்தியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் ஆய்வின் முடிவையே அது தலைகீழாக்கக்கூடும். வகுப்புக்கு முன் தெரியாமல் 10 சொன்னவர், வகுப்பில் இது எத்தனை சிக்கலான வேலை என்பதை உணர்ந்து, முடிவில் நேர்மையாக 7 சொல்லலாம். அவர் கற்றுக்கொண்டிருக்கிறார், உங்கள் அட்டவணையோ வகுப்பு தீங்கு செய்ததாகக் காட்டும். பதில் சொல்பவரின் உள் அளவுகோலே இடையில் மாறிவிடுவதால் வரும் இந்தச் சிக்கலை ஆய்வாளர்கள் நன்கறிவார்கள். வகுப்பு முடிந்தபின் இப்போதைய நிலைக்கு ஓர் எண்ணும், "இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால் ஆறு வாரத்துக்கு முன் உங்களால் எவ்வளவு முடிந்திருக்கும்" என்பதற்கு மற்றோர் எண்ணும் வாங்குவது ஒரு வழி. நினைவின் சாய்வு அதில் உண்டு என்பதால் முதலில் வாங்கிய எண்ணுக்கு மாற்றாக வைக்காமல் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் சேராத ஒப்பீட்டுக் குழு ஒன்று இருந்தால், இரண்டாம் முறை கேட்பதாலேயே எண் மாறுகிறதா என்பதும் தெரியும்.

எச்பிஏ1சி பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். அது ஏறக்குறைய கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. ஆறு வார வகுப்பின் விளைவு அதில் முழுமையாகப் பதிவாகியிருக்காது. மேலும் நம்பிக்கையிலிருந்து நடத்தை, நடத்தையிலிருந்து சர்க்கரை என்று இடையில் பல கண்ணிகள் உள்ளன. மருந்தின் அளவு, நோயின் வயது, வருமானம் எல்லாம் குறுக்கே நிற்கின்றன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை, சர்க்கரை கூடாமலேயே எச்பிஏ1சி-யைக் கூட்டிக் காட்டலாம். நம் பெண்களிடையே சோகை அரிதல்ல. ஆகவே இரண்டுக்கும் மிதமான தொடர்பே தெரிந்தால் அதை அளவுகோலின் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. நம்பிக்கையோடு நெருக்கமாகத் தொடர்புபட வேண்டியது நடத்தை. முதல் பதிலில் சொன்ன ஏழு நாள் வினாநிரலைக் கூடவே பயன்படுத்தி, உணவு நம்பிக்கை உணவு நடத்தையோடும் உடற்பயிற்சி நம்பிக்கை உடற்பயிற்சியோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தச் சான்று எச்பிஏ1சி-யை விட உறுதியானது.

மொழிபெயர்ப்புக்கு, மூல ஆசிரியர்களிடம் முதலில் அனுமதி பெறுங்கள். இருவர் தனித்தனியாகத் தமிழாக்கம் செய்து, இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்கி, நிபுணர் குழு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமான நடைமுறை. இதற்குப் பிறகு வரும் படியைத்தான் பலர் தவிர்த்துவிடுகிறார்கள்: நோயாளிகளிடம் கேள்வியை வாசித்து, "இதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள், எதை நினைத்து இந்த எண்ணைச் சொன்னீர்கள்" என்று கேட்பது. சிஸ்டர் சொன்ன சமையல் கேள்வி போன்ற குறைகள் அங்கேதான் வெளிப்படும், நிபுணர் குழுவின் கண்ணுக்கு அவை தட்டுப்படுவதே இல்லை.

நம்பகத்தன்மைக்கு, கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் கிரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-க்கு மேல் இருந்தால் போதுமானதாகக் கொள்வார்கள். 0.95-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்டிருக்கிறீர்கள் என்றோ, ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் ஒரே எண்ணைச் சொன்னார்கள் என்றோ அதற்குப் பொருள் இருக்கலாம். இரண்டு வார இடைவெளியில் அதே ஆள்களிடம் மறுபடி கேட்டு ஒப்பிடுவதையும் செய்யுங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒவ்வொரு கேள்விக்கும் எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று படம் வரைந்து பாருங்கள். உச்ச எண்ணில் பெரும்பாலோர் குவிந்த கேள்வியைக் கடினமாக்குங்கள் அல்லது நீக்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செவிலியர் ஆய்வேடுகளில், மொத்த மதிப்பெண்ணில் 50 விழுக்காடு வரை "போதாது", 75 வரை "மிதமானது", அதற்கு மேல் "போதுமானது" என்று பிரிக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. இந்த எல்லைகளுக்கு எந்தச் சான்றும் இல்லை. 74 வாங்கியவரும் 76 வாங்கியவரும் வெவ்வேறு வகை மனிதர்கள் ஆகிவிடுவதில்லை. சராசரியையும் பரவலையும், முன்பின் வேறுபாட்டையும், உண்மையான வேறுபாடு எந்த வரம்புக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் நம்பக இடைவெளியையும் எழுதுங்கள். தேர்வாளர்கள் கேட்டால் இந்தக் காரணத்தைத் துணிந்து சொல்லுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டி.எம்.எஸ்.ஈ.எஸ். அளவுகோலுக்கு அனுமதி கேட்டு எழுதப் போகிறேன். அதற்கிடையில் வினாத்தாள் இல்லாமல் நோயாளிகளோடு உட்கார்ந்து தடைகளைக் கேட்டு எழுதும் வேலையைத் தொடங்குகிறேன். மூல அளவுகோலை மாற்றாமல் வைத்துக்கொண்டு, விருந்து, விரதம், சர்க்கரை இறக்கம் பற்றி இங்கு சொன்ன கேள்விகளைத் தனிப் பகுதியாக இணைத்து, மதிப்பெண்ணையும் தனியாகவே கணக்கிடலாம் என்று நினைக்கிறேன். ஒரே ஓர் ஐயம். முதல் முறை கேட்கும்போதே ஒருவர் 2, 3 என்று மிகக் குறைவாகச் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் அடுத்த கேள்விக்குப் போவது எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும், சிஸ்டர்?

பதில் 5: நீரிழிவுக் கல்விச் செவிலியர், கோயம்புத்தூர்

மனம் ஒப்பாததுதான் சரி, தங்கையே. ஆனாலும் அளக்கும் நேரத்தில் ஆறுதலோ அறிவுரையோ சொல்லத் தொடங்கினால், அடுத்த கேள்விகளுக்கான பதில்கள் மாறிவிடும். ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு அளவு பேசியிருப்பீர்கள் என்பதால் ஒப்பீடும் குலைந்துவிடும். "சரி, குறித்துக்கொண்டேன், முடிந்ததும் இதைப் பற்றிப் பேசலாம்" என்று சொல்லி ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் கடைசிக் கேள்வி வரை போங்கள். தாளை மடித்து வைத்தபின் அந்தப் புள்ளிக்குத் திரும்புங்கள். 3 சொன்னவரிடம் "ஏன் இவ்வளவு குறைவு" என்று கேட்காமல், "ஒன்று என்று சொல்லாமல் மூன்று சொன்னீர்களே, எதை வைத்து" என்று கேளுங்கள். தன்னால் முடிந்த ஏதோ ஒன்றை அவரே எடுத்துச் சொல்வார். பிறகு "நான்காக வேண்டுமென்றால் என்ன வேண்டும்" என்று கேளுங்கள். பட்டைக்குக் காசு என்பாரா, ஊசி பிடிக்க யாராவது கற்றுத்தர வேண்டும் என்பாரா, மருமகளிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பாரா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் சேராத ஒப்பீட்டுக் குழுவும் வைப்பதாக இருந்தால் இந்தப் பேச்சை இரு குழுவினரிடமும் ஒரே அளவில், ஒரே வார்த்தைகளில் வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வேட்டிலும் குறிப்பிடுங்கள். சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்ற கேள்விக்குத் தவறான பதில் சொன்னவரை மட்டும், எந்தக் குழுவில் இருந்தாலும், சரியான முறையைச் சொல்லிக்கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.